இன்னும் பிறக்காத கிருமிக்கும் டி செல் தயாராக இருப்பது எப்படி?

கேள்வி இது: “இதுவரை உலகத்திலேயே இல்லாத ஒரு கிருமி நாளைக்கு வந்தாலும், அதை அடையாளம் காணும் டி செல் நம் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் என்று படித்தேன். இத்தனை வகை ஏற்பிகள் பரிணாமத்தில் எப்படி வந்தன? அந்த மாற்றம் இன்னும் நடக்கிறதா?”

நான் நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். மனித நோய் எதிர்ப்பியலில் ஆராய்ச்சி செய்பவர்கள் எழுதினால் இதைவிட நுணுக்கமாக இருக்கும். ஆனாலும் டி செல் கதையில் பாதி கோழியில்தான் நடந்தது என்பதால் எனக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். டி செல் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளை ரத்த அணுக்களில் ஒரு வகை. ஏற்பி என்பது அதன் மேல் நின்று கிருமியின் துணுக்கை அடையாளம் காணும் புரதம். எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கோடிக்கணக்கில் ஏற்பிகளைச் செய்கிறது. செய்ததில் பெரும்பகுதியைத் தானே கொன்றுவிடுகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஆகவே பரிணாமத்தில் நமக்கு வந்து சேர்ந்தது ஏற்பிகளின் பட்டியல் என்று நினைக்க வேண்டாம். தாறுமாறாக ஏற்பி செய்யும் ஓர் எந்திரமும், தேறாததைக் கழிக்கும் ஓர் இடமும்தான் வந்து சேர்ந்தன. இரண்டும் சேர்ந்துதான் பயன்.

கழிக்கும் அந்த இடத்தைப் பார்க்க ஆசை இருந்தால் ஓர் இளங்கோழி போதும். கழுத்துத் தோலை உரித்தால் ரத்தக்குழாயை ஒட்டி இரண்டு பக்கமும் வெளிர் நிறத்தில் சிறு சிறு கட்டிகள் வரிசையாகத் தெரியும், பக்கத்துக்கு ஏழு வரைக்கும். கறிக்கடையில் கொழுப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதுதான் தைமஸ். நமக்கு அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. கோழிக்கு இன்னொன்றும் உண்டு. வால்பக்கம், கழிவாய்க்கு மேலே பர்சா என்று ஒரு பை. கம்போரோ வைரஸ் அடித்து நொறுக்குவது இதைத்தான்.

1950களில் அமெரிக்காவில் ப்ரூஸ் கிளிக் என்ற மாணவர் பர்சா எதற்கென்று பார்க்க அதை அறுத்தெடுத்த கோழிகளை வளர்த்துவந்தார். வகுப்பில் செய்து காட்டுவதற்காக இன்னொரு மாணவர் அதே கோழிகளை வாங்கித் தடுப்பு மருந்து போட, அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்புரதமே (ஆன்டிபாடி) உருவாகவில்லை. பெரிய அறிவியல் இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்ப, கடைசியில் கோழி வளர்ப்புக்கான இதழில்தான் வெளிவந்தது. 1961இல் ஜாக் மில்லர் எலிக்குஞ்சுகளில் தைமஸை எடுத்துவிட்டு, அதன் வேலை என்ன என்று காட்டினார். 1965இல் மேக்ஸ் கூப்பர் குழு மறுபடியும் கோழிக்கு வந்து, பர்சா வழி வேறு, தைமஸ் வழி வேறு என்று பிரித்துக் காட்டியது. எதிர்ப்புரதம் செய்யும் பி செல்லின் பெயரில் உள்ள ‘பி’ பர்சாவிலிருந்து வந்தது. ‘டி’ தைமஸிலிருந்து. இந்த மேக்ஸ் கூப்பர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவார்.

சரி, ஏற்பி எப்படி உருவாகிறது? டி செல்லின் மேல் நிற்கும் ஏற்பி இரண்டு சங்கிலிகளால் ஆனது. பெரும்பாலும் ஆல்ஃபாவும் பீட்டாவும். சில செல்களில் காமாவும் டெல்டாவும். இந்தச் சங்கிலிகளுக்கு முழு மரபணு பிறக்கும்போது கிடையாது. துண்டுகளாகத்தான் கிடக்கும். வி என்ற துண்டில் ஒன்று, ஜே என்ற துண்டில் ஒன்று, பீட்டாவிலும் டெல்டாவிலும் நடுவில் இன்னொரு குட்டித் துண்டு. ஒவ்வொரு செல்லும் தைமஸுக்குள் வளரும்போது தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி ஒட்டி ஒரு மரபணுவைச் செய்துகொள்கிறது. எதிர்ப்புரத மரபணுக்களில் இப்படி நடப்பதை 1976இல் சுசுமு டொனெகாவா காட்டினார், 1987இல் நோபல் பரிசு பெற்றார். டி செல் ஏற்பியின் மரபணுக்கள் 1984இல் பிடிபட்டன.

இங்கேதான் நிறையப் பேர் துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறார்கள். கணக்குப் போடுவோம். மனிதரின் பீட்டா வரிசையில் வேலை செய்யும் வி துண்டுகள் 45 வாக்கில், நடுத்துண்டு 2, ஜே 13. பெருக்கினால் 1,170. ஆல்ஃபாவில் வி ஏறக்குறைய 45, ஜே ஏறக்குறைய 50. பெருக்கினால் 2,250. இரண்டையும் ஜோடி சேர்த்தால் 26 லட்சம் வகை. பெரிய எண்தான், ஆனால் உலகத்துக் கிருமிகளுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. டி செல் பார்ப்பது பெப்டைடு என்ற புரதத் துணுக்கை. ஒன்பது அமினோ அமிலம் நீளமுள்ள பெப்டைடுகள் மட்டுமே 51 ஆயிரம் கோடி வகை இருக்க முடியும்.

மீதி வகை எல்லாம் துண்டுகள் சேரும் இடத்தில் உருவாகிறது. வெட்டிய முனையில் சில டி.என்.ஏ. எழுத்துகளை ஒரு நொதி கடித்து எடுக்கும். அப்புறம் டிடிடி என்ற நொதி எந்த மூலப்பிரதியும் இல்லாமல் தன் போக்கில் சில எழுத்துகளைச் சேர்க்கும். உயிரினங்களில் டி.என்.ஏ. எழுதும் நொதிகள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து எழுதுபவை. இது பார்க்காமல் எழுதுவது. எலியில் இந்த நொதியை நீக்கிப் பார்த்தபோது ஏற்பி வகைகளில் குறைந்தது 90 சதவீதம் காணாமல் போனது. அந்தச் சேர்க்கை நடக்கும் இடம்தான் ஏற்பியின் நுனியில் நீட்டிக்கொண்டு நின்று கிருமியின் பெப்டைடைத் தொடுவது. இதற்கு விலையும் உண்டு: சேர்க்கும் எழுத்து மூன்றின் மடங்காக அமையாவிட்டால் சங்கிலி பொருளற்றுப் போகும், மூன்றில் இரண்டு முறை அப்படித்தான் ஆகிறது.

துண்டுகளின் எண்ணிக்கை முக்கியமில்லை என்பதற்கு எங்கள் ஊர்த் தொழுவத்தைப் பார்த்தாலே போதும். கோழியின் பீட்டா சங்கிலிக்கு வி துண்டில் இரண்டே குடும்பங்கள். ஜே துண்டுகளும் கைவிரலில் அடங்கும். மாட்டுக்கோ ஆல்ஃபா-டெல்டா பகுதியில் மட்டும் 400க்கு மேற்பட்ட வி துண்டுகள். அதிலும் கன்றுக்குட்டியின் ரத்தத்தில் காமா-டெல்டா செல்கள் நிணச்செல்களில் பாதிக்கு மேல்கூட இருக்கும், நமக்கு அது சில சதவீதம்தான். கோழிக்கும் காமா-டெல்டா அதிகம். முட்டைக்குள் 21 நாள் அடையில் 12ஆம் நாள் வாக்கில் முதலில் தெரிவதே காமா-டெல்டா செல்தான். பிறகு ஒரு பீட்டா குடும்பம், கடைசியாக இன்னொன்று. இவ்வளவு வேறுபட்ட மூலதனத்தை வைத்துக்கொண்டு கோழியும் மாடும் ஒரே பண்ணையில், ஒரே மண்ணில் பிழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது அந்த வெட்டி ஒட்டும் எந்திரம். ராக்1, ராக்2 என்ற இரண்டு புரதங்கள். 1989இல் ராக்1, அடுத்த ஆண்டே ராக்2 கண்டுபிடிக்கப்பட்டன. அவை குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதும், அவை வெட்டும் இடங்களின் குறியீடுகள் தாவும் மரபணுக்களின் இரு முனைகளைப் போலவே இருப்பதும் அப்போதே சந்தேகத்தைக் கிளப்பின. தாவும் மரபணு என்றால், டி.என்.ஏ.வில் ஓர் இடத்திலிருந்து தன்னை வெட்டிக்கொண்டு இன்னோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணித் துண்டு. 1998இல் இரண்டு குழுக்கள் சோதனைக்குழாயில் ராக் புரதங்களை இன்னும் தாவ வைக்க முடிகிறது என்று காட்டின. 2005இல் பூச்சிகளில் கிடைக்கும் டிரான்சிப் என்ற தாவும் மரபணுக் குடும்பம் ராக்1க்கு உறவு என்று தெரிந்தது. உறுதியான சாட்சி 2016இல் வந்தது. முதுகெலும்பு இல்லாத, மீன்குஞ்சு போன்ற ஈட்டிப்புழு ஒன்றின் மரபணுத்தொகுதியில் ராக்1, ராக்2 இரண்டும் சேர்ந்து, முனைக் குறியீடுகளோடு, இன்னும் தாவும் நிலையிலேயே உட்கார்ந்திருந்தன.

ஆக, நடந்தது இப்படி இருக்க வேண்டும். ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தாடையுள்ள மீன்களின் முன்னோரில், ஒரு ஏற்பி மரபணுவின் நடுவில் இந்தத் தாவும் துண்டு போய் விழுந்து அதை இரண்டாக உடைத்தது. உடைந்ததைச் சேர்த்தால்தான் படிக்க முடியும். சேர்க்கும்போது விளிம்பு கொஞ்சம் மாறிப்போகும். அந்தக் கோளாறே லாபமாகிவிட்டது. ஆனால் தாவும் குணத்தை அப்படியே விட்டால் மரபணுத்தொகுதி முழுவதையும் குதறிவிடும். அதை அடக்கியது எது என்று 2019இல் வந்த ஆய்வு சொன்னது: ராக்1இல் ஓரிரு அமினோ அமில மாற்றங்கள், ராக்2இல் புதிதாக வந்த ஓர் அமிலத்தன்மையுள்ள பகுதி. அவ்வளவுதான் கடிவாளம். இதைச் சிலர் நோய் எதிர்ப்பின் பெருவெடிப்பு என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஏற்பியின் உடல் அமைப்பும், செல்லுக்குள் செய்தி கடத்தும் வழிகளும் அதற்கு முன்பே இருந்தவை. புதிதாக வந்தது கத்தரிக்கோல் மட்டும்.

சுறாமீனிலேயே ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா நான்கும் இருக்கின்றன. அதற்குப் பிறகு அடித்தளம் பெரிதாக மாறவில்லை.

அடுத்தது கழிக்கும் இடம். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே ஆண் பெண் பார்த்து ஆண் குஞ்சுகளைத் தள்ளிவிடுவார்கள். சில, சாயம் பூசிக்கொண்டு வாரச்சந்தையில் கலர் குஞ்சாக வந்து நிற்கும். தைமஸ் அந்தப் பொரிப்பகத்தைவிடக் கறாரானது, நூற்றுக்கு 95க்கு மேல் தள்ளிவிடும். அங்கே இரண்டு தேர்வு. புரதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்ட நம் செல்களின் மேலுள்ள எம்.ஹெச்.சி. மூலக்கூறைச் சிறிதும் பற்ற முடியாத ஏற்பி உதவாது, அந்தச் செல் கவனிப்பாரின்றிச் சாகும். நம் சொந்தப் பெப்டைடை இறுக்கிப் பிடிக்கும் ஏற்பி ஆபத்து, அதுவும் கொல்லப்படும் அல்லது வேறு வேலைக்கு மாற்றப்படும். டி செல் கிருமியை நேரடியாகப் பார்ப்பதில்லை, எம்.ஹெச்.சி. தூக்கிக் காட்டும் துணுக்கைத்தான் பார்க்கிறது. கிருமியை எம்.ஹெச்.சி.யோடு சேர்த்துத்தான் அது அடையாளம் காண்கிறது என்று 1974இல் கண்டவர்கள் ஜிங்கர்நாகலும் டோஹெர்ட்டியும். 1996இல் நோபல் பெற்றார்கள்.

இதிலிருந்து, பலர் கேட்க மறக்கும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. பி செல் தன் ஏற்பியைப் பிறகும் மாற்றி மாற்றிக் கூர்மையாக்குகிறது, டி செல் ஏன் செய்வதில்லை? தேர்வு முடிந்து வெளியே வந்தபின் ஏற்பியை மாற்றினால் அதை மறுபடி யார் சோதிப்பது? சொந்த உடம்பையே தாக்கும் ஒன்று உருவாகிவிட்டால் தடுக்க ஆளில்லை. சுறாவிலும் ஒட்டகத்திலும் சில ஏற்பிச் சங்கிலிகளில் இப்படிப்பட்ட மாற்றம் நடப்பது தெரிகிறது, ஆனால் பெரும்பாலான விலங்குகளில் டி செல் ஒரு முறை பெற்ற ஏற்பியோடுதான் வாழ்ந்து சாகிறது.

ஏற்பியின் வி துண்டுகள் எம்.ஹெச்.சி.யைப் பற்றுவதற்கென்றே பரிணமித்தவையா, இல்லை தைமஸ் தேர்வுதான் அப்படிப் பொறுக்கி எடுக்கிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நீல்ஸ் ஜெர்னே 1971இலேயே முதல் கருத்தைச் சொன்னார். ஏற்பியின் குறிப்பிட்ட சில அமினோ அமிலங்கள் எம்.ஹெச்.சி.யைத் தொடுவது படிக அமைப்புகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மறுபக்கம், தேர்வுக்கு உதவும் சில மூலக்கூறுகளை எலியிலிருந்து நீக்கினால் எம்.ஹெச்.சி. இல்லாமலே மற்றதைப் பிடிக்கும் ஏற்பிகள் வெளிவருகின்றன. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்பது என் எண்ணம்.

வகை இவ்வளவு இருந்தும் நோய் ஏன் வருகிறது என்று பண்ணையில் தினமும் கேட்பார்கள். மரெக்ஸ் என்ற வைரஸ் நோய் வந்தால் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிடும். “ஏனுங்க டாக்டரு, குஞ்சு எறக்கறப்பவே ஊசி போட்டுத்தானுங்க வருது, அப்புறம் எப்படிங்க இது?” என்பார் பண்ணைக்கார அண்ணன். ஊசி சரியாகத்தான் போட்டிருப்பார்கள், முதல் நாளே, கழுத்துத் தோலுக்கடியில். ஆனால் குறிப்பிட்ட ஒரு பெப்டைடை அடையாளம் காணும் புது டி செல்கள் பொதுவாக லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்றுதான் இருக்கும். வகை கூடக்கூட ஒவ்வொரு வகைக்கும் ஆள் குறையும். அந்தச் சிலதும் பல்கிப் பெருக நாள் பிடிக்கும். அதற்குள் பழைய தொகுதியின் இறகுத் தூசியிலிருந்து நோய் வைரஸ் முந்திக்கொண்டால் ஊசி பிந்திப்போகும். கொட்டகையை நன்றாகக் கழுவி, சில நாள் காலியாகப் போட்டுவிட்டுக் குஞ்சு இறக்குங்கள் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வது இதற்காகத்தான்.

ஆள் குறைவதற்குக் காரணம் எளிமையான எடைக்கணக்கு. மனித உடம்பில் மொத்த டி செல்கள் 40 ஆயிரம் கோடி வாக்கில். எந்திரம் செய்யக்கூடிய வகைகளோ குறைந்தது பத்துக் கோடி கோடி. வகைக்கு ஒரு செல் வைத்தால்கூட, ஒரு செல்லின் எடை ஒரு கிராமில் 200 கோடியில் ஒரு பங்கு என்று கொண்டால், டி செல் மட்டுமே அரை டன் ஆகிவிடும். அதனால் நீங்கள் படித்த வாக்கியத்தில் ஒரு சிறு திருத்தம்: எல்லாக் கிருமிக்கும் தனித்தனி டி செல் இல்லை. ஓர் ஏற்பி ஒன்றையொன்று ஒத்த பல பெப்டைடுகளைப் பிடிக்கும். ஒரே ஏற்பி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளை அடையாளம் காண்பதை 2012இல் காட்டியிருக்கிறார்கள். இந்தத் தளர்வு இல்லாவிட்டால் மொத்த ஏற்பாடும் நடக்காது.

மரெக்ஸில் இன்னொரு விநோதம். அந்த வைரஸ் டி செல்லுக்குள்ளேயே புகுந்து அதைப் புற்றாக்கும். ஈரல், மண்ணீரல் என்று பல உறுப்புகளிலும் கட்டி வந்த ஒரே கோழியில் அந்தக் கட்டிகளின் ஏற்பியைப் படித்தால் ஒரே வரிசை பல இடங்களில் கிடைக்கிறது. ஒரு செல்லின் வாரிசுகள்தான் அத்தனையும். இரண்டு செல்கள் தற்செயலாக ஒரே ஏற்பியைச் செய்வது அரிது என்பதால் அது கைரேகை மாதிரி உதவுகிறது. மனித ரத்தப் புற்றிலும் மருத்துவர்கள் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தாடையில்லாத லாம்ப்ரே மீனுக்கு ராக்கும் இல்லை, டி செல் ஏற்பியும் இல்லை. 2004இல் அதே மேக்ஸ் கூப்பரும் ஜீவ் பான்சரும் அதற்கு முற்றிலும் வேறு கட்டமைப்பில் ஏற்பிகள் இருப்பதைக் கண்டார்கள். லூசின் என்ற அமினோ அமிலம் நிறைந்த துணுக்குகளைப் பொறுக்கி அடுக்கிக் கோடிக்கணக்கான வகைகளை அதுவும் செய்கிறது. அதிலும் டி செல் போன்ற ஒன்றும் பி செல் போன்ற ஒன்றும் தனித்தனியே. கோழியில் 1965இல் அந்தப் பிரிவைக் காட்டியவரே ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து லாம்ப்ரேயிலும் இன்னொரு வகை ஏற்பியைக் கண்டது எனக்குப் பிடித்த செய்தி. 2019இல் அவருக்கும் ஜாக் மில்லருக்கும் லாஸ்கர் விருது சேர்ந்தே கிடைத்தது.

வந்ததைத் தொலைத்தவர்களும் உண்டு. பாம்பு, பல்லி இனங்களில் காமா-டெல்டா ஏற்பி மரபணுக்களே இல்லை. ஆழ்கடல் தூண்டில்மீன்களில் ஆண் வந்து பெண்ணின் உடம்போடு ரத்தக்குழாய் உட்பட ஒட்டிக்கொண்டு வாழும் இனங்கள் இருக்கின்றன. இன்னொரு உடம்பை ஏற்க டி செல் விடாதே? 2020இல் பார்த்தால், அப்படி நிரந்தரமாக ஒட்டும் சில இனங்களில் ராக் மரபணுக்களே செயலற்றுப் போயிருந்தன. எப்படித் தொற்றைச் சமாளிக்கின்றனவோ, பொறாமையாக இருக்கிறது.

கடைசியாக, இன்னும் மாறுகிறதா என்றீர்கள். ராக் எந்திரம் அப்படியே இருக்கிறது. மாறிக்கொண்டிருப்பது துண்டுகளின் வரிசை. வி துண்டுகள் நகலாகிப் பெருகுவதும், சில நகல்கள் பழுதாகிச் செத்துக் கிடப்பதும் தொடர்ந்து நடக்கிறது. மாட்டின் 400க்கு மேற்பட்ட துண்டுகள் பெருமளவு இப்படி நகலானவைதான். மனித பீட்டா வரிசையிலும் 65 வாக்கில் துண்டுகள் இருந்தாலும் ஏறக்குறைய 20 செயலற்றவை. மனிதருக்குள்ளேயே எல்லாருக்கும் ஒரே வரிசை கிடையாது. டிஆர்பிவி4-3 என்ற துண்டு இருக்கும் பகுதி சிலருக்குக் குரோமோசோமிலிருந்தே விழுந்துவிட்டது. அவர்கள் எந்த வைத்தியமும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், தங்களுக்கு அது இல்லை என்பதே பெரும்பாலும் தெரியாமல்.